மூடி வைத்த கிளாஸ்

பெரில் ஒரு கையால் பம்ப்பின் பிடியை இழுத்துக் கிளாஸில் பீர் நிரப்பிக்கொண்டே தாடையை லேசாகத் தூக்குகிறாள். டெரிக்கின் முறை வந்துவிட்டது. ட்ரெவர் அவருக்கு முன்பே கவுண்டரில் கை ஊன்றியவர்தான். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே வந்தவர் டெரிக். நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டுவதில் கொஞ்சம் பிந்திவிட்டார். அதெல்லாம் பெரிலின் மனக்கணக்கில் இருக்கிறது. இந்தக் கவுண்டருக்கு முன்னால் வரிசை என்று ஒன்று கிடையாது. ஆளாளுக்கு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு பராக்குப் பார்ப்பார்கள். யாருக்குப் பின்னால் யார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பெரிலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வெளியூர்க்காரர் ஒருவர் ஒருமுறை நோட்டை நீட்டிப் பிடித்து ஆட்டினார். “என்ன ராசா, காத்து வரலையா? சன்னலைத் திறந்து விடட்டுமா?” என்று கேட்டாள் பெரில். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்த பின்தான் அவருக்காகப் பெரிலின் தாடை உயர்ந்தது. கடைசியில் போகும்போது காலி கிளாஸைக் கவுண்டருக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். “பரவாயில்ல, தேறிடுவான்” என்றாள் பெரில்.

அறுபத்தெட்டு வயது. நானே குள்ளம், அவள் என் தோளுக்குத்தான் வருவாள். கவுண்டருக்கு உள்பக்கம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நின்றுதான் வியாபாரம். தோளில் துடைக்கிற துணி. வாயில் எந்நேரமும் பெப்பர்மிண்ட், அதுவும் சர்க்கரை போடாதது, ஏனென்றால் உடம்பில் வேண்டிய மட்டும் சர்க்கரை இருக்கிறது. எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவளுக்குக் ‘கண்ணு’, இல்லாவிட்டால் ‘ராசா’. சுகாதாரத் துறையிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரியம்மாவும் கண்ணுதான்.

‘கறுப்புக் கிடா’ என்பது பப்பின் பெயர். கணவன் ஸ்டான் இறந்துபோன பிறகு தனியாகவே நடத்துகிறாள். வாசலில் தடியன் யாரும் நிற்பதில்லை. மற்ற கடைக்காரர்கள் கவுண்டருக்கு அடியில் ஒரு கட்டையை மறைத்து வைத்திருப்பார்கள், பெரிலிடம் அதுவும் இல்லை. கட்டடத் தொழிலாளிகள், காவடி மாதிரி தோள் உள்ள பையன்கள், குடி ஏறிச் சத்தம் போட்டால் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். “போதும் ராசா, வீட்டுக்குப் போய்த் தூங்கு.” அவனும் தலையைக் குனிந்துகொண்டு, “சரி பெரில்” என்று கிளம்பிவிடுவான்.

“உனக்குப் பயம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?” என்று கேட்டேன் ஒருநாள்.

“பயமா? அடிப்போடி. உள்ள வந்து பாரு, முட்டி ரெண்டும் டான்ஸ் ஆடிக்கிட்டு இருக்கும். கவுண்டரை எதுக்கு இவ்வளவு உசரமாக் கட்டியிருக்கான்னு நெனச்ச?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, அதை நான்தான் கவனிக்கவில்லை.

என் பெயர் தில்லைநாயகி. யார்க்‌ஷயரின் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த முதல் வருஷமே என்னை ‘டில்லி’ ஆக்கிவிட்டார்கள். புதிதாக ஊருக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். நூலகத்தின் கூரை ஒழுக ஆரம்பித்து வகுப்புக்கு இடம் இல்லாமல் போனபோது, “பேசக் கத்துக்கணும்னா பேசுற இடத்துக்கு வாங்க. மத்தியானம் இங்க ஈ ஓட்டிக்கிட்டுத்தான இருக்கேன்” என்று சன்னல் ஓரத்து மேஜையைக் கொடுத்தவள் பெரில். மதுக்கடையிலா பாடம் நடத்துகிறாய் என்று திருச்சியிலிருந்து என் தங்கை போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். நான் குடிப்பது இஞ்சி சோடா. அதை யாரிடம் சொல்லி யார் நம்பப் போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமைப் பாடத்தில் பாதியைப் பெரிலே நடத்திவிடுவாள். கவுண்டரைத் துடைத்தபடியே குரல் கொடுப்பாள். “புத்தகத்தை மூடுங்க. ஒருத்தன் உனக்கு வாங்கிக் கொடுத்தான்னா அடுத்த ரவுண்டு நீ வாங்கணும். தண்ணி குடிக்கிறவனா இருந்தாலும் வாங்கணும். சிப்ஸ் பாக்கெட்டை மூலையில கிழிச்சு நீயே அமுக்காத. நடுவுல முழுசாப் பிரிச்சு மேஜையில போடு, எல்லாரும் எடுக்கட்டும். அப்புறம், அந்த டெரிக்கோட ஸ்டூல்ல மட்டும் உக்காந்துடாத. அவன் செத்தப்புறம் பாத்துக்கலாம்.”

“காது கேக்குது பெரிலு” என்பார் டெரிக்.

“உனக்கா? நல்லாருக்கே கதை!”

டெரிக் கூரை வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டு காதும் முக்கால்வாசி அவுட். ட்ரெவர் அவருடைய கூட்டாளி, பிஸ்கட் என்று ஒரு கிழட்டு நாய் வைத்திருக்கிறார். மத்தியான நேரத்தில் இந்த இருவரையும் நாயையும் விட்டால் கடையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

என் மாணவர்களில் கெட்டிக்காரி ரூத்தா. லித்துவேனியாவிலிருந்து வந்தவள், பிஸ்கட் கம்பெனியில் வேலை. கருந்திராட்சை சர்பத் ஊற்றிய சோடாதான் வாங்குவாள். ஸ்ட்ராவின் நுனியைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்கி விடுவாள், கெட்ட பழக்கம். கார்ல் என்ற உள்ளூர்க்காரனோடு ஒரே வீட்டில் இருந்தாள். கார்லை எங்கள் எல்லாருக்கும் தெரியும். பீர் கம்பெனி லாரியில் வந்து கறுப்புக் கிடாவின் நிலவறையில் பீப்பாய் இறக்கிக்கொண்டிருந்த பையன். சின்ன வயதிலிருந்தே பெரிலை ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவான். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தங்கமான பிள்ளை என்று நானே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ரூத்தா இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வகுப்புக்கு வந்தாள். “படியில விழுந்துட்டேன்” என்றாள். நான், ஐயோ பாவம், பார்த்து நடக்கக் கூடாதா என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பெரில் துடைப்பதை நிறுத்திவிட்டு அந்த மாவுக்கட்டையே பார்த்தாள்.

“உங்க வீடு ஒரே தளம்தான கண்ணு? எந்தப் படி?”

ரூத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று உடைந்து அழுதாள். அன்று சாயங்காலமே மாடியில் இருந்த ஸ்டானின் அறை அவளுக்கு ஒழித்துக் கொடுக்கப்பட்டது. சமையலறையில் வேலை, மூன்று வேளை சாப்பாடு. கையை முறித்தது கார்ல்தான் என்று போலீசில் சொன்னார்கள். கார்லைக் கூப்பிட்டு, அவள் இருக்கிற பக்கம் போகாதே என்று போலீசும் சொல்லி அனுப்பியது. சொன்னார்கள், அவ்வளவுதான்.

அவள் எங்கே இருக்கிறாள் என்பது கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. கார்ல் வேறு பப்புகளில் சுற்றிச் சுற்றி விசாரிக்கிறான் என்று மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதன் பிறகு கதவின் கொண்டி சத்தம் கேட்டாலே பெரிலின் கண் அங்கே போய்விடும். பீர் நுரைத்து வழிந்தாலும் தெரியாது, யார் வருகிறார் என்று பார்த்த பிறகுதான் கை நகரும். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் பாடம் நடத்தினேன். காற்றில் கதவு ஆடினால்கூடப் பாடத்தை நிறுத்திவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ரூத்தாவைத் தவிர வகுப்புக்கு யாரும் வரவில்லை. டெரிக் தன் ஸ்டூலில் இருந்தார். ட்ரெவர் கணப்புக்குப் பக்கத்தில் நாயைத் துவட்டிக்கொண்டிருந்தார். ரூத்தா ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டே, மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கப் போகும்போது என்ன பேசுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ரூத்தா” என்றாள் பெரில். “கீழ போய் உருளைக்கிழங்கு எடுத்துட்டு வா கண்ணு.”

குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் அவளே பெட்டியிலிருந்து இறங்கி வந்து, கவுண்டரின் ஓரத்தில் உள்ளே போகிற வழியை மூடியிருக்கிற தூக்குப் பலகையைத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பலகைக்கு அந்தப்பக்கம்தான் நிலவறைப் படிகள். கடை ஆட்களைத் தவிர யாரும் அதைத் தாண்டியது கிடையாது. நான் சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் ஒரு வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஆளை நடையிலேயே அடையாளம் தெரிந்தது.

ரூத்தாவுக்குப் பெரிலின் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. எழுந்தாள். எழுந்தவள், ஓடுவதற்கு முன்னால், கிளாஸுக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் வைத்து மூடிவிட்டுப் போனாள்.

பாதிக் குடியில் எழுந்து போகிறவர்கள் இங்கே அப்படித்தான் செய்வார்கள். திரும்பி வருவேன், எடுத்துவிடாதே என்று அர்த்தம். மூடிய கிளாஸை யாரும் தொடமாட்டார்கள். கடை சாத்துகிற வரைக்கும் பெரில் அதைச் சுற்றித்தான் துடைப்பாள். முந்தின வாரம்தான் ரூத்தாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பரவாயில்லையே, மறக்காமல் செய்கிறாளே என்று எனக்கு வாத்தியார் புத்தியில் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த கணமே புரிந்தது, அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று அந்தக் கிளாஸ் காட்டிக்கொடுத்துவிடும். கடித்த ஸ்ட்ரா அட்டைக்கு வெளியே மடங்கி நீட்டிக்கொண்டிருந்தது. நான் கை நீட்டுவதற்குள் கொண்டி கிளிக்கென்றது.

கார்ல் உள்ளே வந்து மிதியடியில் காலை நன்றாகத் துடைத்தான். “என்ன மழை, என்ன மழை” என்றான். தலைமுடியில் இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டுக் கவுண்டருக்குப் போனான். பெரில் பெட்டியின் மேல் ஏறி நின்றுவிட்டாள். பலகை இறங்கியிருந்தது. அவள் தாடை அசையவில்லை.

அப்போதுதான் டெரிக் எழுந்தார். முக்கால் கிளாஸ் பீர் அவர் முன்னால் இருந்தது. “நான்தான் முதல்ல” என்றார்.

“சொல்லு ராசா” என்றாள் பெரில்.

“சிப்ஸ் என்னென்ன இருக்கு?”

அந்த மனிதர் எனக்குத் தெரிந்து சீஸ் வெங்காயம் தவிர வேறு சிப்ஸைத் தொட்டதில்லை. பெரில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உப்பும் வினிகரும். “என்னது?” என்றார். மறுபடி சொன்னாள். இறால். “என்னது?” என்றார். மாட்டுக்கறி, பன்றித்தோல் வறுவல், வெறும் உப்பு. எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார். கடைசியில், “சீஸ் வெங்காயமே குடு” என்றார். இதற்கிடையில் ட்ரெவர், “பிஸ்கட்டுக்கு அவசரம்போல” என்று, அப்போதுதான் துவட்டிய நாயை மழைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய சட்டைப் பையில் போன் இருந்தது. எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. பக்கத்து ஊரிலிருந்து மலை ஏறி இறங்கி வரவேண்டும்.

கார்ல் காத்திருந்தான். கவுண்டரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தான். இந்த மண்ணில் பிறந்தவன். ஒரு பெண்ணின் மணிக்கட்டை முறித்த கைக்கு, ஒரு கிழவருடைய முறையைத் தட்டிப் பறிக்க மனம் வரவில்லை. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் இன்னும் கூடியது. இவ்வளவு அடக்கம் தெரிந்தவன், வீட்டுக்குள் அதை எங்கே கழற்றி வைப்பான்?

டெரிக் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. எழுந்தேன். “அடுத்தது நான்” என்று சொல்லிக்கொண்டு போனேன்.

இஞ்சி சோடா கேட்டேன். ஐஸ் போடச் சொன்னேன். பிறகு பல் கூசுகிறது, எடுத்துவிடு என்றேன். பெரில் ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். எலுமிச்சை கேட்டேன். இன்னும் மெல்லிசாக என்றேன். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை. கடவுளே, ஒரு இஞ்சி சோடாவில் வேறென்னதான் கேட்பது?

பெரிலின் தாடை உயர்ந்தது. “உனக்கு என்ன ராசா?”

“ஒரு பைண்ட் பீர். அப்புறம் ரூத்தாவைக் கூப்பிடுங்க அத்தை.”

“பீர் இருக்கு. இன்னொண்ணு இங்க விக்கிறதில்ல.”

“கோவமா? ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்.”

“நீ பேசின லட்சணத்தை டாக்டர் கட்டுப்போட்டு வச்சிருக்கார்.”

கார்ல் சிரித்தான். காசை வைத்தான். “உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க” என்று மரியாதையாகச் சொன்னான். பெரில் வேண்டாம் என்று தலையாட்டினாள். கிளாஸை எடுத்துக்கொண்டு அவன் நேராக என் மேஜைக்கு வந்தான். நான் இன்னும் கவுண்டரில்தான் நின்றிருந்தேன். ரூத்தாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூடியிருந்த கிளாஸைப் பார்த்தான். நீட்டிக்கொண்டிருந்த ஸ்ட்ராவின் நுனியை விரலால் தொட்டான்.

“டீச்சர், இது யாரோடது?”

நான் என் கையில் இருந்த சோடாவைப் பார்த்துக்கொண்டேன்.

“மூடி வச்சிருக்கு. அப்போ வருவா” என்றான். “நல்லா சொல்லிக்கொடுத்திருக்கீங்க. பரவாயில்ல, அவசரம் இல்ல. நான் காத்திருக்கேன்.”

கால் மேல் கால் போட்டுக்கொண்டான். மழைச் சத்தமும் கணப்பில் விறகு வெடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டது. நாங்கள் நின்றுகொண்டிருந்த தரைக்கு அடியில்தான் அவள் இருந்தாள். அவள் ஒரு தும்மல் போட்டால் போதும். நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

பெரில் பெட்டியிலிருந்து இறங்கினாள். பலகையைத் தூக்கி வெளியே வந்து, திரும்பி அதை மெதுவாக இறக்கினாள். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவள் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்தது இல்லை. தரையில் நடந்து வந்தபோது அவள் எவ்வளவு சின்ன உருவம் என்பது அவனுக்கும் தெரிந்தது, எங்களுக்கும் தெரிந்தது. மேஜைக்கு வந்தாள். அட்டையை எடுத்தாள். ஸ்ட்ராவை உருவித் தரையில் போட்டாள். மூடி வைத்த கிளாஸை, அடுத்தவள் கிளாஸை, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“என்னோடது” என்றாள். “முடிஞ்சுது. இதுக்கு யாரும் திரும்பி வரப்போறதில்ல.”

“உங்களுக்குச் சர்க்கரை அத்தை. சர்பத் ஆகாது.”

“அது என் கவலை ராசா.”

கார்ல் தன் பீரை எடுத்துக்கொண்டு எழுந்து, அவளைத் தாண்டி, கவுண்டரின் ஓரத்துக்கு நடந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரில் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கவுண்டருக்கு உள்ளே யாரும் இல்லை. அவன் கிளாஸைக் கவுண்டரில் வைத்தான். பலகையின் மேல் கையை வைத்தான்.

“பீர் கொஞ்சம் நுரை தள்ளுது. பீப்பாய் முடியப் போகுதுன்னு நெனைக்கிறேன். பழைய வேலைதான, கீழ போய் மாத்தி விட்டுட்டு வந்துடறேன்.”

“பலகையை விடு கார்ல்.”

“இல்லைன்னா?”

பெரில் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எத்தனையோ முரடர்களிடம் எத்தனையோ முறை ‘போ’ என்று சொன்னவள். இந்த ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. கேட்காமல் இருந்ததால்தான் அவள் சொன்னதெல்லாம் நடந்தது. இல்லைன்னா என்ன? ஒன்றும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரக் கிழவி ஒருத்தி, செவிட்டுக் கிழவர் ஒருவர், நான்.

பலகை ஒரு சாண் உயர்ந்தது. கீழே ஏதோ ஒரு பாட்டில் உருண்டு சுவரில் மோதுகிற சத்தம் வந்தது.

“எலி வந்திருக்குபோல அத்தை” என்றான் கார்ல்.

ஸ்டூல் கிரீச்சிட்டது. டெரிக் தன்னுடைய முக்கால் கிளாஸைக் கொண்டுவந்து, சரியாகப் பலகையின் மேல், அவன் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “டேய் கார்ல், உன் முறை முடிஞ்சு போச்சு. அடுத்தது நான். தள்ளு” என்றார். அவனுக்கும் பலகைக்கும் நடுவில் தன் தொந்தியை நுழைத்துக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. ட்ரெவர், சொட்டச் சொட்ட. ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். நாயோடு வந்து டெரிக்கை ஒட்டி நின்றார். “இவனுக்கு அப்புறம் நான்” என்றார்.

“அவருக்கு அப்புறம் நான்” என்றேன். எப்படிப் போய் நின்றேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ட்ரெவரின் ஈரக் கோட்டின் நாற்றம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கடையில் வரிசையே கிடையாது என்று சொன்னேனே, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வரிசை நின்றது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, பலகையை மறைத்துக்கொண்டு நின்றோம்.

கார்ல் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தான். அவன் நினைத்திருந்தால் மூன்று பேரையும் ஒரே கையால் தள்ளிவிட்டிருக்கலாம். டெரிக்கை அதிக நேரம் பார்த்தான். அவனுடைய அப்பாவோடு இதே கடையில் வருஷக்கணக்காக டார்ட்ஸ் எறிந்தவர் டெரிக்.

“பெரியவங்களைத் தள்ளிட்டுப் போற ரவுடியா நான்?” என்று கேட்டான். பலகையை ஓசை வராமல் இறக்கினான். எங்களுக்கு உயிர் வந்தது.

ஆனால் அவன் கிளம்பவில்லை. கவுண்டரில் அடுக்கியிருந்த அட்டைகளில் மேலாக இருந்த ஒன்றை எடுத்தான். பாதி பீர் மிச்சம் இருந்த தன் கிளாஸின் மேல் வைத்தான். ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு விரலால் அழுத்தினான்.

“எடுத்துடாதீங்க அத்தை” என்றான். “திரும்பி வருவேன்.”

கதவைப் பதமாகச் சாத்திக்கொண்டு போனான். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு டெரிக் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். பாவம், நெற்றியெல்லாம் வியர்வை. “போலீஸ் வர்றாங்களாம். மலைமேல ரோட்டுல தண்ணியாம், லேட்டாகுமாம்” என்றார் ட்ரெவர். நான் அழுதேன். எதற்கு என்று தெரியாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

ரூத்தா படியேறி வந்தாள். கையில் உருளைக்கிழங்கு எதுவும் இல்லை. கவுண்டரில் தனியாக மூடி வைத்திருந்த கிளாஸைப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். அவள் முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

“எப்போ?” என்று கேட்டாள்.

ட்ரெவர் குனிந்து நாயைத் துவட்டத் தொடங்கினார்.

“கொட்டித் தொலை பெரிலு” என்றார் டெரிக். “நீ கொட்டுறியா, நான் கொட்டட்டா?”

பெரில் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கவுண்டருக்கு வந்தாள். அந்தக் கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தாள், அட்டையோடு. அட்டைக்கு அடியிலிருந்து பீர் கசிந்து மணிக்கட்டு வழியாக வழிந்தது. நாங்கள் வழி விட்டோம். முழங்கையால் கொண்டியை நீக்கிக் கதவைத் திறந்து, மழையில் வெளியே போனாள். தெருவில் வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, வாசற்படியின் நட்டநடுவில் அதை வைத்தாள். நகர்ந்திருந்த அட்டையை நேராக்கினாள். காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தாள். “வந்தா இங்கயே குடிச்சிட்டுப் போகட்டும்” என்றாள். பிறகு உள்ளே வந்து, பட்டப்பகலில், எங்கள் எல்லாரையும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள்.